நுழைய வழி கிடைத்தது, உட்கார இடம் எங்கே?

சேலம் கடைவீதியும் நம் தெரு மக்களும்

பனமரத்துப்பட்டிப் பக்கம் அரளித் தோட்டங்களில் இருட்டோடு வேலை தொடங்கிவிடும். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். பறிக்கிறவர்களில் நம் தெருப் பெண்கள் பலர் உண்டு. பறித்த எடைக்குக் கூலி. சாக்கில் அமுக்கிக் கட்டிய பூ, முதல் பஸ்ஸிலோ மினி லாரியிலோ ஏறி சேலம் டவுனுக்கு வருகிறது. பழைய பஸ் நிலையத்தில் இறங்கி நாலு எட்டு வைத்தால் வ.உ.சி. மார்க்கெட். வெளிச்சம் வருவதற்குள் அங்கே எடை போட்டு, விலை சொல்லி, பாதிப் பூ கைமாறிவிடும்.

அந்தச் சாக்குக்குப் பின்னாலேயே நாமும் போவோம். தோட்டத்தில் பறிக்கும்போது நம் கை இருக்கிறது. சாக்கைத் தூக்கி வண்டியில் போடும்போது நம் தோள் இருக்கிறது. மார்க்கெட் வாசலில் இறக்கும்போதும் நம் தோள்தான். உதிரிப்பூவைத் தொடுத்து முழம் போட்டு விற்க, நடைபாதை ஓரம் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அக்காவும் நம் ஆளாக இருக்கலாம். விழுந்த இதழையும் வாழைநாரையும் கூட்டி அள்ளுகிற தூய்மைப் பணியாளர் பெரும்பாலும் நம் ஆள்தான். தராசு வைத்து விலை சொல்கிற மேடையில் நம் ஆள் எத்தனை பேர்? மார்க்கெட்டுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியோடுதான் நாம் திரும்பி வருகிறோம்.

பேட்டை என்றால் சந்தை

சேலத்தின் தெருப் பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே ஊரின் பிழைப்பு தெரிந்துவிடும். செவ்வாய்ப்பேட்டை என்பது செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம். அங்கே லீ பஜார் மொத்த வியாபாரமும், மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டியும் இன்றும் நடக்கின்றன. பேட்டை என்று முடிகிற பெயர் வந்தால் அங்கே ஒரு காலத்தில் சரக்கு இறங்கியது, கைத்தொழில் நடந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

திருமணிமுத்தாற்றின் கரையில் கோட்டை. அதை ஒட்டிக் கோட்டை மாரியம்மன் கோயில், சுகவனேஸ்வரர் கோயில், ஜாமியா மசூதி. கொஞ்சம் தள்ளி ராஜகணபதி கோயில். அதைச் சுற்றி முதல் அக்ரஹாரம், இரண்டாவது அக்ரஹாரம், பெரிய கடைவீதி, சின்னக் கடைவீதி. மாம்பழக் காலத்தில் சின்னக் கடைவீதி முழுக்க மல்கோவா வாசம். ஆடி மாதம் வந்தால் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டுதல், பூ விலை ஏறிவிடும். சாயங்காலமானால் தட்டுவடை செட் வண்டிகளைச் சுற்றிக் கூட்டம்.

இன்றைக்கு அக்ரஹாரம் என்ற பெயருள்ள தெருவில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், துணி வாங்கலாம், செருப்புக் காலோடு போகலாம். கல்லூரிக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். அந்தப் பெயர் எழுதிய பலகைக்குக் கீழே ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முன்பு அந்தப் பெயரே பல ஊர்களில் நமக்கு ‘இதற்கு மேல் வராதே’ என்று சொன்ன எல்லைக்கல்.

நெல் கூலியும் காசுக் கூலியும்

சந்தை நமக்கு ஏன் முக்கியம் என்று புரிய, சந்தைக்கு முந்தைய கணக்கைப் பார்க்க வேண்டும். கிணற்றில் கவலை ஓட்டி நீர் இறைத்த காலத்தில் தோல் பறி இல்லாமல் வெள்ளாமை இல்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் அந்தப் பறியைத் தைத்தவர்கள், வாரும் வடமும் செய்தவர்கள், செருப்புத் தைத்தவர்கள் அருந்ததியர். அதற்குக் காசு கிடையாது. அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் இத்தனை வள்ளம் தானியம் என்று கணக்கு. எத்தனை என்று முடிவு செய்வது கொடுக்கிறவர். வாங்குகிறவர் துண்டை விரித்து நிற்க வேண்டும். பறையடித்தவருக்கும், காவல் காத்தவருக்கும், பண்ணையில் உழுதவருக்கும் இதே கணக்குதான்.

மின்சார மோட்டார் வந்ததும் கவலை நின்றது. கவலை நின்றதும் பறி தைக்கும் வேலை போனது. களத்துமேட்டுத் தானியமும் போனது. பலர் டவுனுக்கு வந்தார்கள். மூட்டை தூக்கினார்கள், செருப்புத் தைத்தார்கள், நகராட்சியில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார்கள். டவுனில் ஒரு மூட்டைக்கு இவ்வளவு என்று ரேட் உண்டு. கையில் காசாக வரும். குறைவாகக் கொடுத்தால் அடுத்த மண்டிக்குப் போகலாம். களத்துமேட்டில் அந்த அடுத்த இடம் இல்லை.

டவுன் டீக்கடையில் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு டம்ளர் கொடுப்பதில்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவர், விற்கிற அம்மாவின் சாதியைக் கேட்டுவிட்டு வாங்குவதில்லை. அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேசும்போது, கிராமத்தைப் புனிதமாகப் பார்க்கிறவர்களைக் கடுமையாக விமர்சித்தார். குறுகிய மனமும் அறியாமையும் சாதி உணர்வும் குடியிருக்கும் இடம் என்ற பொருளில் கிராமத்தைப் பற்றிச் சொன்னார். களத்துமேட்டையும் கடைவீதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னது நமக்கு எளிதாகப் புரியும்.

தெருவில் நடக்க ஒரு தீர்மானம்

டவுன் தெருவும் தானாகத் திறந்துவிடவில்லை. ஒவ்வொரு அடியும் யாரோ போராடி வாங்கிக் கொடுத்தது.

திருவிதாங்கூரில் அய்யன்காளி 1893 இல் வில்லுவண்டி வாங்கி, தலைப்பாகை கட்டி, நம் மக்கள் நடக்கக்கூடாது என்ற பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். பின்பு தோழர்களோடு சந்தைக்குப் போகும் வழியில் நடந்தார். வழியில் மறித்தார்கள், அடிதடி நடந்தது. நடந்தவர்கள் பின்வாங்கவில்லை. ஆக, அந்தப் போராட்டத்தில் சாலை எவ்வளவு முக்கியமோ, சாலை போய்ச் சேரும் சந்தையும் அவ்வளவு முக்கியமாக இருந்தது.

சேலம் நகராட்சி 1866 இல் ஏற்பட்டது. 1917 முதல் 1919 வரை ராஜாஜி அதன் தலைவராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் ஒடுக்கப்பட்ட சமூகத்திலிருந்து முதல் உறுப்பினர் அந்த மன்றத்துக்கு வந்தார். நகராட்சி ஏற்பட்டு ஐம்பது ஆண்டு கழித்து நமக்கு ஒரு நாற்காலி!

1924 ஆம் ஆண்டை மாணவர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும். அந்த ஆண்டு மார்ச் 30 அன்று வைக்கத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் தொடங்கியது. ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறை சென்றதை எல்லோரும் அறிவோம். அதே ஆண்டில் சென்னைச் சட்டமன்றத்தில் நடந்த ஒன்றை அந்த அளவுக்கு யாரும் சொல்வதில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1924 ஆகஸ்டில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். எந்த ஊரிலும், எந்த நகரத்திலும், பொதுத்தெருவிலும் பாதையிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் நடப்பதற்கு ஆட்சேபம் கூடாது. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம், பொதுக் காரியம் நடக்கும் கட்டடம் ஆகியவற்றில் மற்றவர்களைப் போலவே அவர்களும் நுழையலாம் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. செப்டம்பரில் அரசாணையாக வெளிவந்தது. பொதுமக்கள் கூடும் இடம் என்றால் அதில் சந்தையும் சேர்த்திதான்.

பம்பாய் மாகாணத்திலும் இதே போல ஒரு தீர்மானம் 1923 இல் எஸ்.கே. போலே கொண்டுவந்தார். தீர்மானம் காகிதத்தில் கிடந்ததால்தான் 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் மகாத் நகரின் சவதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோரோடு இறங்கி நீர் அருந்த வேண்டியிருந்தது. சென்னையிலும் அரசாணை வந்த மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. கோவையைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ஆர். வீரையன் போன்றவர்கள், வழி மறிப்பவர்களுக்கு அபராதம் விதிக்கும்படி சட்டத்தைத் திருத்தப் பாடுபட்டார்கள். நகராட்சி பராமரிக்கும் தெருக்கள் எந்தச் சாதியினருக்கும் மதத்தினருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற வரி நகராட்சிச் சட்டத்துக்குள் வந்தது. 1938 இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் பொது இடங்களில் தடை போடுவதைக் குற்றமாக்கும் தனிச் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது.

நாடு விடுதலை அடைந்த பிறகு அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவு கடைகளையும் சாலைகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 17 ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955 இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம், பின்னாளில் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. கடைக்குள் விட மறுப்பது, சரக்கு விற்க மறுப்பது, தொழிலோ வியாபாரமோ செய்ய விடாமல் தடுப்பது எல்லாம் அதன்படி குற்றம். 1989 ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் செய்த திருத்தம் இதை இன்னும் கடுமையாக்கியது. வியாபாரம் செய்வதைத் தடுப்பதும், கொடுக்கல் வாங்கல் இல்லாமல் ஒதுக்கிவைக்கும் பொருளாதாரப் புறக்கணிப்பும் இப்போது வன்கொடுமை.

நடப்பதற்கும் உட்காருவதற்கும் நடுவில்

இத்தனை சட்டம் இருந்தும் தராசு மேடையில் நாம் குறைவாக இருப்பது ஏன்? வாசலில் யாரும் நிறுத்தவில்லை. வேறு நாலு இடத்தில் நிறுத்தம் இருக்கிறது.

முதல் நிறுத்தம் கடை உரிமம். நகராட்சிக் கடை ஏலத்துக்கு வரும்போது முன்பணம் கட்ட வேண்டும். ஏலம் வருகிற சேதி நமக்குத் தெரிவதற்குள் முடிந்துவிடுகிறது. ஒரு முறை எடுத்த கடை அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து மருமகனுக்குப் போகிறது. உரிமம் ஒருவர் பேரில், வியாபாரம் இன்னொருவர் கையில் என்று உள்வாடகைக்கு ஓடுகிற கடைகளும் எந்த ஊர் மார்க்கெட்டிலும் உண்டு.

இரண்டாவது நிறுத்தம் கடன். மண்டிக்காரரிடம் கடனுக்குச் சரக்கு எடுக்க ஒரு அறிமுகம் வேண்டும். அந்த அறிமுகம் சொந்தபந்தம் வழியாக வருகிறது. நமக்கு அது இல்லாதபோது தண்டல்காரர் வருகிறார். காலையில் 900 ரூபாய் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் 1,000 ரூபாய் வாங்குகிற கணக்கு கூடைக்கார அம்மாக்களுக்கு நன்றாகத் தெரியும். அதிக வட்டி வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 முதலே தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் நாளைக் காலைக்குப் பூ எடுக்க அதே தண்டல்காரரிடம்தான் போக வேண்டியிருப்பதால், அந்தச் சட்டத்தின் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

மூன்றாவது நிறுத்தம் நிலம். 1999 இல் தொடங்கிய உழவர் சந்தை நல்ல திட்டம். சேலத்தில் சூரமங்கலம், அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி, தாதகாப்பட்டி என்று பல இடங்களில் நடக்கிறது. இடைத்தரகர் கிடையாது. விளைவித்தவரே விற்கலாம். ஆனால் விளைவித்தவர் என்று காட்ட நிலத்துக்கான சான்று வேண்டும். நாற்று நட்டவர், களை எடுத்தவர், காய் பறித்தவர் பேரில் சிட்டா இல்லை. அதனால் உழவர் சந்தைக்குள் அவருக்கு மேடை இல்லை. அவர் வெளியே ரோட்டோரம் கொத்தமல்லியும் கறிவேப்பிலையும் கட்டு கட்டி விற்கிறார்.

நான்காவது நிறுத்தம் பேசாத ஒன்று. சில ஊர்களில் நம் ஆள் கத்தரிக்காய் விற்கலாம், கருவாடு விற்கலாம். இட்லிக் கடை போட்டால் கூட்டம் வராது. பால் விற்றால் வாங்க மாட்டார்கள். யாரும் தடுக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வாங்காமல் தாண்டிப் போகிறார்கள், அவ்வளவுதான். அதற்கு எந்த ஸ்டேஷனில் புகார் கொடுப்பது?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சேலம் மாவட்டத்தில் ஏறக்குறைய ஆறில் ஒருவர், நாமக்கல் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். மார்க்கெட் கடைகளில் ஆறில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ நம்மிடம் இருக்கிறதா என்பதை ஒவ்வொரு ஊரிலும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டடம் இடிந்தால் யார் திரும்பி வருவார்?

சேலம் 2016 இல் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்ந்தது. பழைய பஸ் நிலையம் இடிக்கப்பட்டு ஈரடுக்குப் பஸ் நிலையமாக எழுந்தது. வ.உ.சி. மார்க்கெட்டின் பழைய கட்டடமும் அந்தத் திட்டத்தில் இடிக்கப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டது. மழைக்கு ஒழுகாத கூரை, கால் வழுக்காத தரை, வெளிச்சம், கழிப்பிடம் எல்லாம் வேண்டியவைதான். நாள் முழுக்க உட்கார்ந்து விற்கிற பெண்களுக்குக் கழிப்பிடம் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குத் தெரியும். பழைய சுவருக்காக நாம் கண்ணீர் விடப்போவதில்லை.

நம் கேள்வி வேறு. எந்த ஊரிலும் பழைய மார்க்கெட் இடிக்கப்படும்போது உள்ளே மூன்று வகை ஆட்கள் இருப்பார்கள். உரிமம் உள்ள கடைக்காரர் ஒருவர். அவருக்கு மாற்றுக் கடையும், புதுக் கட்டடத்தில் இடமும் கேட்கக் கையில் காகிதம் இருக்கிறது. கடைக்கு முன்னால் தரையில் சாக்கு விரித்து, தினம் சுங்கம் கட்டி விற்கிறவர் அடுத்தவர். அவரிடம் இருப்பது அன்றைய சுங்கச் சீட்டு, அதுவும் சாயங்காலம் குப்பைக்குப் போய்விடும். மூன்றாமவர் சுமை தூக்குகிறவர், கூட்டுகிறவர், எடுபிடி. இவரிடம் அந்தச் சீட்டும் இல்லை. புதுக் கட்டடம் திறக்கும் நாளில் பெயர்ப்பட்டியலில் முதலாமவர் இருப்பார். மற்ற இருவரும் பட்டியலில் இல்லாமலே இருந்தவர்கள். இல்லாத பெயரை நீக்கினார்கள் என்று யார் மேல் குற்றம் சொல்ல முடியும்?

சென்னை மூர் மார்க்கெட்டின் கதையும் இதையே காட்டுகிறது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சிவப்புக் கட்டடமாக நின்ற அந்த மார்க்கெட்டுக்கு 1898 இல் அடிக்கல் போட்டார்கள். 1900 இல் திறந்தார்கள். பழைய புத்தகம், பழைய துணி, பறவை, பாத்திரம் என்று ஏழைக்கும் மாணவனுக்கும் அது பெரிய புகலிடமாக இருந்தது. 1985 மே 30 அன்று தீயில் எரிந்துபோனது. வியாபாரிகளுக்கு அல்லிக்குளம் வளாகத்தில் கடை கொடுத்தார்கள். எரிந்த இடத்தில் புறநகர் ரயிலுக்கான கட்டடம் வந்தது, மூர் மார்க்கெட் என்ற பெயர் மட்டும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கட்டடத்தின் வளைவுகளையும் கோபுரங்களையும் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். அதைச் சுற்றித் தரையில் துணி விரித்து விற்றவர்களின் பெயர்ப்பட்டியலை எழுதி வைத்தவர் யாருமில்லை.

ஐம்பது ஆண்டு உட்கார்ந்தவரும் பாரம்பரியம்

கோயில், கோட்டை, பழைய கட்டடம் என்றால்தான் பாரம்பரியம் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. தெருவோர வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம், 2014. நகரங்களுக்கும் பேரூர்களுக்கும் பொருந்தும் இந்தச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. தெருவோர வியாபாரிகள் 50 ஆண்டுகளுக்கு மேல் வியாபாரம் செய்துவரும் இயல்பான சந்தையைப் பாரம்பரியச் சந்தை என்று அறிவிக்க வேண்டும், அங்குள்ள வியாபாரிகளை இடம் மாற்றக் கூடாது என்பதுதான் அது.

இந்த வரியின்படி ஒரு சந்தையின் வயதைச் சொல்லத் தூணும் வளைவும் தேவையில்லை. ஆத்தா உட்கார்ந்த இடத்தில் அம்மா உட்கார்ந்தார், அம்மா உட்கார்ந்த இடத்தில் மகள் உட்கார்கிறாள் என்றால், அந்த மூன்று தலைமுறைதான் சாட்சி. கட்டடத்தை இடித்துக் கட்டினாலும் அந்த உரிமை இடிந்துபோவதில்லை.

இதே சட்டத்தில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு.

ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடுக்க வேண்டும். கணக்கெடுத்து விற்பனைச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது.

இடம் மாற்றுவதென்றால் 30 நாள் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும்.

சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமை கோரியதும் பூ, காய், பழம் போன்ற அழுகும் பொருளை அன்றைக்கே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும்.

ஒவ்வொரு நகரத்திலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் உரிய பிரதிநிதித்துவம் தர வேண்டும். சான்றிதழ் கொடுப்பதிலும் இவர்களுக்கு முன்னுரிமை தரச் சட்டம் இடம் கொடுக்கிறது.

தண்டல் வட்டிக்கு மாற்றாக, 2020 இல் தொடங்கிய பி.எம். ஸ்வநிதி திட்டத்தில் பிணையில்லாக் கடன் கிடைக்கிறது. தொடக்கத்தில் முதல் கடன் 10,000 ரூபாய் என்று வைத்தார்கள். அதற்கும் வியாபாரி என்பதற்கான சான்றோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். பெயர் பட்டியலில் ஏறாவிட்டால் வங்கிக் கதவும் திறக்காது. எல்லாம் அந்தப் பட்டியலில்தான் போய் முட்டுகிறது.

கிராமத்துச் சந்தை

டவுனைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. கொங்கணாபுரம் சனிச்சந்தையில் ஆடும் சேவலும் விலை போகின்றன. நாமக்கல் பக்கம் புதன்சந்தைக்கு மாடு வாங்க வெளி மாநிலத்திலிருந்தும் வருகிறார்கள். தலைவாசல் காய்கறி மார்க்கெட்டிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு போகிறது. வாரச்சந்தை பெரும்பாலும் ஊராட்சியின் கையில் இருக்கிறது. சுங்கம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுக்கு ஒரு முறை ஏலம் விடுகிறார்கள். ஏலம் எடுத்தவர் ஒரு கூடைக்கு எவ்வளவு வாங்கலாம் என்று பலகையில் எழுதி வைக்க வேண்டும். பலகை இல்லாத சந்தையில் கேட்டதே ரேட்.

தெருவோர வியாபாரிகள் சட்டம் கிராம ஊராட்சிச் சந்தைக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் கிராம சபை நமக்கு இருக்கிறது. சந்தைச் சுங்க ரேட்டைப் பலகையில் எழுத வேண்டும், ஏல அறிவிப்பை நம் தெருவிலும் ஒட்ட வேண்டும், பெண்களுக்குக் கழிப்பிடம் கட்ட வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். ஏல அறிவிப்பைத் தண்டோரா போட்டுச் சொன்ன காலத்தில் அடித்தவர் நம் ஆள், ஏலம் எடுத்தவர் வேறு ஆள். தண்டோரா போடும் வழக்கத்தைக் கைவிடும்படி தமிழக அரசு 2022 ஆகஸ்டில் உத்தரவிட்டது. நல்லது. அறிவிப்பு மட்டும் நம் தெருவுக்கு வராமல் நின்றுவிடக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை

நம் பிள்ளைகள் பலர் இன்று சேலம் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 2009 ஆம் ஆண்டின் அருந்ததியர் உள் ஒதுக்கீட்டுச் சட்டத்தால் 3 சதவீத இடம் கிடைத்துப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று தீர்ப்பளித்தது. படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்க நமக்கு வழி தெரிந்துவிட்டது. சந்தையில் பங்கு கேட்க இன்னும் பழகவில்லை. அதைத் தொடங்க மூன்று வேலை சொல்கிறோம்.

முதலாவது, எண்ணுங்கள். உங்கள் ஊர் மார்க்கெட்டில் கடை எத்தனை, தரைக்கடை எத்தனை, பெண்கள் எத்தனை பேர், எத்தனை ஆண்டாக உட்கார்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேட்டு எழுதுங்கள். அக்கா, அத்தை, ஆத்தா என்று அழைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள். வியாபாரம் சூடாக இருக்கும் நேரத்தில் போகாதீர்கள்.

இரண்டாவது, கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இன் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில் மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். எங்கள் நகரத்தில் தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது? நகர விற்பனைக் குழுவில் யார் யார், அதில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர்? மார்க்கெட் கடைகளில் பட்டியல் சாதியினர் பேரில் எத்தனை? எந்தச் சந்தையையாவது பாரம்பரியச் சந்தை என்று அறிவித்திருக்கிறார்களா? இந்த நாலு கேள்வி போதும்.

மூன்றாவது, சேர்த்து வையுங்கள். வீட்டில் பாட்டியின் பழைய சுங்கச் சீட்டு, மார்க்கெட்டில் எடுத்த போட்டோ, கூட்டுறவுக் கடன் புத்தகம், பழைய அடையாள அட்டை எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். செல்போனில் பாட்டியின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். நாளைக்கு ஐம்பது ஆண்டுக் கணக்குக் கேட்கும்போது அதைத்தான் எடுத்து நீட்ட வேண்டும்.

மறுபடியும் பூவுக்கே வருவோம். காலை ஒன்பது மணிக்கு வ.உ.சி. மார்க்கெட்டில் மொத்த வியாபாரம் ஓய்ந்துவிடும். சாக்குகள் காலி. மூட்டை இறக்கிய அண்ணன்கள் டீக்கடை வாசலில் நிற்கிறார்கள். கூட்டுகிறவர் கூட்டிக்கொண்டிருக்கிறார். நடைபாதையில் கூடையோடு உட்கார்ந்திருக்கிற அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை, மீதியுள்ள பூ வாடுவதற்குள் முழம் போட்டு விற்றாக வேண்டும். 1924 தீர்மானம் அவர் இந்தத் தெருவுக்கு வருவதற்கு வழி செய்தது. 2014 சட்டம் அவர் இங்கே உட்காருவதற்கு உரிமை தருகிறது. அவர் பெயரைப் பட்டியலில் எழுதுவது நம் கையில் இருக்கிற வேலை. அடுத்த முறை பூ வாங்கும்போது பேரம் பேசுவதற்கு முன்னால் கேளுங்கள்: “அக்கா, உங்களுக்கு அட்டை கொடுத்துட்டாங்களா?”